ஒழுகுவதைப் பொறுக்காதவர்

என் அக்கா கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தேன். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க ஆபீஸ்லேருந்து ஒரு மனுஷர் வந்தாரே, அவருக்கு ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"ஏம்மா?"

"கொல்லையில போயி அண்டாவுக்கு அடியில படுத்துக் கிடக்காருடி."

போய்ப் பார்த்தேன். கை கழுவுவதற்காக ஒரு பெஞ்சின் மேல் பெரிய அண்டாவை ஏற்றி வைத்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் சலவை வேட்டியோடு மல்லாந்து கிடந்தார். நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. பூ கட்டும் அம்மாளிடம் ஒரு கீற்று வாழைநார் வாங்கிவந்து, அண்டாவின் பித்தளைக் குழாயைக் கழற்றி, அதன் மரையில் நாரைச் சுற்றிக்கொண்டிருந்தார். குழாய் இருந்த ஓட்டையை இடது கைக் கட்டைவிரலால் அடைத்திருந்தார். முழங்கை வழியாகத் தண்ணீர் இறங்கி, சட்டை நனைந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே, இலை போட்டாச்சு. சொட்டினா சொட்டிட்டுப் போவுது, பரவாயில்ல."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நாரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. பரவாயில்லன்னு சொன்னவன் வண்டிதான் முதல்ல ஆத்துல எறங்கும்."

இன்னும் நான்கு சுற்று சுற்றி, குழாயை முடுக்கி, ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். ஈரச் சட்டையோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். "நல்ல மனுஷராத்தான் தெரியிறாரு" என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆபீசில் எல்லோருக்கும் அவர் டிரைவர். எனக்கு டிரைவர் அண்ணன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கோப்புகளைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று புதிய அரசு உத்தரவு போட்டிருந்த காலம். தமிழ்த் தட்டச்சில் தேறியிருந்ததால் மன்னார்குடியில் ஒரு தனித் தாசில்தார் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. யார் யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்துப் பதிவு செய்வதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. பதிவில் பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. அதனால் பெயரை ஏற்ற ஒரு பக்கமும், ஏறாமல் தடுக்க ஒரு பக்கமும் மல்லுக்கு நின்றன. வரப்பில் கொடி நடுவதும், வைக்கோல்போர் எரிவதும், லாரியில் போலீஸ் வந்து இறங்குவதும் அந்த ஆண்டுகளில் எங்களுக்கு வாராவாரம் கேட்கும் செய்தி.

ஆபீஸ் ஜீப்பில் தாசில்தார் முன் சீட்டில். நான் பின்னால், மடியில் தட்டச்சுப் பொறியோடு. டிரைவர் அண்ணன் வண்டியை எடுப்பதற்கு முன் தினமும் ஒன்று செய்வார். ராத்திரி வண்டி நின்ற இடத்தில் குனிந்து தரையைப் பார்ப்பார். தரை காய்ந்திருந்தால்தான் சாவியைப் போடுவார். ஒரு சொட்டு கறுப்பாகத் தெரிந்துவிட்டால், கலெக்டரே காத்திருந்தாலும் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

வண்டியோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஆபீஸ் குழாய், டீக்கடை பாய்லர், கோயில் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டி எதையும் விட்டதில்லை. டீக்கடைக்காரர் ஒருநாள், "டீ குடிக்க வந்தா குடிச்சிட்டுப் போங்க, பாய்லர் என்னுது" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இவர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அந்தக் கடைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் கடைக்காரரே ஆள் அனுப்பினார். பாய்லர் ஒழுகி அடுப்பு அணைந்துபோயிருந்தது.

தாசில்தாருடைய பேனா கசிந்து சட்டைப் பையில் நீலக் கறை படிந்தபடி இருக்கும். ஒருநாள் கேட்காமலே கையை நீட்டி அதை வாங்கி, மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக் கொடுத்தார். தாசில்தார் அதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துப் பையில் செருகிக்கொண்டார். மறுநாள் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேனா கொண்டுவந்தார்.

மழைக்காலத்தில் தாசில்தார் மேஜை மேல் ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. நேர் மேலே இருந்த ஓடுகளை மூன்று முறை மாற்றியும் நிற்கவில்லை. டிரைவர் அண்ணன் ஏணி போட்டு ஏறி, உத்தரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். உடைந்த ஓடு எட்டடி தள்ளி, என் தலைக்கு மேலே இருந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, உத்தரத்தின் வழியே நடந்து வந்து, இங்கே விழுந்திருக்கிறது.

"சொட்டுற எடம் வேற, ஓட்டை இருக்கிற எடம் வேற" என்றார் இறங்கிவந்து.

பிடிவாதக்காரர். அவரோடு கிளம்பினால் நேரத்துக்குப் போக முடியாது என்று தாசில்தார் அடிக்கடி அலுத்துக்கொள்வார். எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் ஒன்று. அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. நாத்து பறிக்கும் பெண்ணிடம் வழி கேட்டாலும் "ஏங்கம்மா, இந்தக் கரையோட போனா ஊரு வருங்களா?" என்றுதான் கேட்பார். அந்தப் பெண்களே திடுக்கிட்டு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு எந்த ஊரில் விசாரணை என்று மிராசுதார்களின் ஆட்கள் அவரிடம் நைச்சியமாகக் கேட்பார்கள். "வண்டிக்குத் தெரியுங்க, எனக்குத் தெரியாது" என்பார்.

இனி அந்த ஆடி மாதத்து விஷயத்துக்கு வருகிறேன்.

மேட்டூர் தண்ணீர் வந்து ஆறு, வாய்க்கால் எல்லாம் கரை தொட்டு ஓடியது. இரண்டு வாரமாக ஜீப்பின் வலது பின் சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு ஓர் உறைக்குள் ஓடுகிறது. உறைக்குள் கெட்டியான எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் சக்கரத்துப் பக்கம் வந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல். அது விட்டுக்கொடுத்தால் எண்ணெய் பிரேக்கில் இறங்கும். எண்ணெய் குடித்த பிரேக் பிடிக்காது. இவ்வளவையும் டிரைவர் அண்ணன் டீ கிளாசுக்குள் விரலை விட்டுக் காட்டி எனக்கு விளக்கியிருக்கிறார்.

பட்டறையில் பக்கத்திலேயே நின்று புது சீல் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு நாளில் மறுபடியும் வழிந்தது. இன்னொரு சீல் போட்டார். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் மறுபடியும் கோடு. "சீல் மட்டமா இருக்கும்ணே" என்றார் பட்டறைக்காரர். "ரெண்டும் மட்டமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கெல்லாம் சாப்பாட்டில்கூட அவருக்கு மனம் இல்லை.

மறுநாள் நாங்கள் போகவேண்டிய ஊரில் பதினோரு குடும்பங்கள் மனு கொடுத்திருந்தன. தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறோம் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் வெறும் பண்ணையாட்கள், குத்தகையே கிடையாது என்பது மிராசுதார் கட்சி. விசாரணை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை தாசில்தாருக்குக் காய்ச்சல். ஒருமுறை அந்தப் பக்கம் வைக்கோல்போர் எரிந்து, யாரும் போகக்கூடாது என்று போலீஸ் தடுத்துவிட்டது. இந்த முறையும் நடக்காவிட்டால் மறுநாளே வெளியூர் ஆட்களை இறக்கி நடவு நடப்போவதாக மிராசுதார் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் நட்டுவிட்டால் ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் சொந்தச் சாகுபடி என்று ஏறிவிடும். அதற்கப்புறம் மனுதாரர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் காலையில் தரையில் சொட்டைப் பார்த்தும் டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வழியெல்லாம் அடிக்கடி பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தபடி ஓட்டினார். ஆற்றங்கரைச் சாலையில் ஏறி இரண்டு மைல் போனதும் கருகிய எண்ணெய் நாற்றம் வந்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"என்னய்யா?" என்றார் தாசில்தார்.

"வலது பக்கம் பிரேக் போயிடுச்சுங்க ஐயா. இதுக்கு மேல கரை குறுகல். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பள்ளம். எதிர்ல ஒரு மாட்டு வண்டி வந்தா நிக்காது."

"மெதுவாப் போயிடலாமே."

"போவலாங்க ஐயா. நிறுத்தணும்னா முடியாது."

ஜாக்கியை எடுத்து அச்சுக்கு அடியில் வைத்துத் திருகினார். புதுத் தண்ணீரில் ஊறிப்போன கரை மண். வண்டி மேலே ஏறுவதற்குப் பதில் ஜாக்கி கீழே இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, திருகு வளைந்து போயிற்று.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே மிராசுதாரின் கார் வந்து நின்றது. கரையில் யார் பார்த்துப் போய்ச் சொன்னார்களோ. காரிலிருந்து அவருடைய காரியஸ்தர் இறங்கினார். மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், வாய் நிறைய வெற்றிலை.

"ஐயா வெயில்ல நிக்கிறீங்களேன்னு முதலாளி காரை அனுப்பியிருக்காரு. வாங்க, வீட்டுல இளநி வெட்டி வச்சிருக்கு. சாப்பிட்டுட்டு அங்கேயே விசாரணையை வச்சுக்கலாம்."

தாசில்தார் கெட்ட மனிதர் இல்லை. லஞ்சம் வாங்காதவர். ஆனால் மூன்றாவது முறையும் தள்ளிப்போனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்றே?"

டிரைவர் அண்ணன் வளைந்த ஜாக்கியை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்ல என்னங்க ஐயா இருக்கு. போகணும்னா போங்க. அந்தப் பதினோரு குடும்பமும் வழி பாத்து நிப்பாங்க. எந்த வண்டியிலேருந்து எறங்குறீங்கன்னு பாப்பாங்க. அவ்வளவுதான்."

காரியஸ்தர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். தாசில்தார் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "வாம்மா, மிஷினை எடுத்துக்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "மிஷின் ரொம்பக் கனம் சார். மாத்தி மாத்தித் தூக்கினா எழுத்து ஆட்டம் கண்டுடும். நான் ஜீப்லயே வர்றேன்" என்றேன். சுத்தப் பொய். தினமும் அதைத் தூக்கி இறக்குகிறவள் நான்தான்.

தாசில்தார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டச்சர் இல்லாமல் வாக்குமூலம் கிடையாது. உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். நேராகப் போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று டிரைவரைக் கேட்டார்.

"ஒரு ஜாக்கியும் ஒரு பலகையும் கிடைச்சா ரெண்டு மணி நேரங்க."

பலகை சொல்லி வைத்தாற்போல வந்தது. ஜீப் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு மனுதாரர்கள் ஊரிலிருந்து கரையோடு நடந்தே வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் பாக்கியம் என்ற அம்மாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்து ஒரு வருஷமாகியும் அவர் உழுத ஒரு வேலி நிலத்தை விடாமல் உழுதுகொண்டிருந்தவள். தாசில்தார் காருக்குள் இல்லாமல் மதகில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் இரண்டு ஆட்களை வயலில் இறங்கச் சொன்னாள். சேறு சமப்படுத்தப் பரம்படிக்கும் கனமான பலகையை அவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

காரியஸ்தர் வெற்றிலையைத் துப்பினார். "இது என்னங்க ஐயா நியாயம்? மனுதாரர் கிட்டே உதவி வாங்கலாம், எங்க கார் மட்டும் ஆகாதா? நான் மேலே எழுதிப் போடுவேன்."

தாசில்தாருக்கு முகம் வெளுத்துவிட்டது. காரியஸ்தர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிரைவர் அண்ணன் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க. அவங்க கிட்டே மட்டும் வாங்கினா தப்பு. உங்க கார்ல ஜாக்கி இருக்கும்ல, அதைத் தாங்க. பலகை அவங்களுது, ஜாக்கி உங்களுது, வண்டி சர்க்காருது. அப்புறம் யாருக்கும் பேச்சு இல்ல பாருங்க."

காரியஸ்தர் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கார் டிரைவர் டிக்கியைத் திறந்துவிட்டார். அவ்வளவு நேரமும் எங்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்ததோடு நிற்காமல் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு எங்கள் ஆளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "சீல்தானேண்ணே?" "சீல்தான். ரெண்டு தடவை மாத்தியாச்சு."

வண்டி ஏறியது. சக்கரத்தைக் கழற்றினார்கள். ஆறு போல்ட்டுகளைக் கழற்றிப் பிரேக்கின் மூடியை உருவினார்கள். போல்ட்டுகள் மண்ணில் தொலைந்துவிடாமல் தட்டச்சுப் பொறியின் மூடியைக் கவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். தாசில்தார் மதகிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். பிறகு அவரே குனிந்து ஒரு போல்ட்டைப் பொறுக்கி என் மூடியில் போட்டார்.

உள்ளே எல்லாம் எண்ணெய். டிரைவர் அண்ணன் துணியால் துடைத்துவிட்டு, சீலின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"சீல் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஒரு கீறல் இல்ல."

"அப்ப எப்படிண்ணே ஒழுகுது?" என்றார் கார் டிரைவர்.

டிரைவர் அண்ணன் வண்டிக்கு அடியில் போனார். அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் பாகத்தில் எண்ணெய் ஊற்றும் திருகாணி ஒன்று உண்டு. எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அதைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று சீறியது. மதகு வரைக்கும் கேட்டது.

அப்புறம் வண்டிக்கு அடியிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மூச்சு முட்டியிருக்குங்க ஐயா! பாவம், மூச்சு முட்டியிருக்கு!"

வெளியே வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். ஓடும்போது அச்சு சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியேற உறையின் மேல் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். மூன்று வாரம் முன்பு ஒரு வாய்க்காலில் அச்சு முழுகப் புதைந்து, மாடு கட்டி இழுத்தோம். அப்போது களிமண் அந்தத் துவாரத்தை அடைத்து, காய்ந்து, கல்லாகிவிட்டது. போக வழியில்லாத காற்று எண்ணெயைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

துவாரத்தைக் குத்தி எடுக்க ஊசி மாதிரி ஒன்று வேண்டும். அவர் பெட்டியில் இருந்த கம்பியெல்லாம் தடித்தவை. பாக்கியம் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு முள்வாங்கியை நீட்டினாள். காலில் முள் தைத்தால் எடுக்க வயல்வேலைக்காரர்கள் வைத்திருப்பது. இடுக்கியோடு கூர்மையான ஊசியும் சேர்ந்து ஒரே வளையத்தில் தொங்கும்.

"இது ஆவுமா பாருங்க."

"இதாங்கம்மா வேணும். இதேதான்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

களிமண் துணுக்கு துணுக்காக வந்தது. கடைசியில் ஒரு சின்ன உருண்டை வந்து விழுந்தது, மிளகு அளவுதான் இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து தாசில்தாரிடம் காட்டினார். தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். பாக்கியம் பார்த்தாள். காரியஸ்தரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி, செங்கல்லில் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டினார்கள். முடிந்ததும் டிரைவர் அண்ணன் ஜாக்கியைத் துடைத்துக் காரில் வைத்தார். பலகையை ஆற்றில் கழுவிக் கொடுத்தார். முள்வாங்கியைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். அப்புறம் கரையில் கொஞ்ச தூரம் தனியாக ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்திக் காட்டினார். வண்டி மிதித்த இடத்தில் நின்றது. மனுதாரர்கள் கை தட்டினார்கள்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாக்கியத்திடம் ஒரு ரசீதுகூடக் கிடையாது. "எதை வச்சும்மா நீ குத்தகைதாரர்னு நம்புறது?" என்று தாசில்தார் கேட்டார். அவள் தன் நிலத்துக்கு நாலு பக்கமும் யார் யார் உழுகிறார்கள், எந்த மடையில் எந்த நாள் தண்ணீர் முறை, எந்த மூலையில் நண்டு வளை தோண்டி வரப்பு உடையும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "இதெல்லாம் எங்க வீட்டுக்காரரு செத்தப்புறம் கத்துக்கிட்டதில்லீங்க. அவரு வரப்புல நிப்பாரு, நாந்தான் சேத்துல நிப்பேன்." என் விரல் அவள் வேகத்துக்கு ஓடவில்லை. அண்டை நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் பதினோரு வாக்குமூலமும் முடிந்தது. ஒன்பது பேர் பெயர் பதிவாயிற்று. அதில் பாக்கியமும் ஒருத்தி. மிராசுதார் மேல்முறையீடு செய்தார். அவள் பெயர் நிலைத்தது.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "காரியஸ்தர் அப்படி மிரட்டினாரே, உங்களுக்குப் பயமா இல்லையாண்ணே?"

"பயந்தாம்மா. பிரேக் இல்லாம அந்தக் கரையில போறது அதைவிடப் பயம்."

காரியஸ்தர் சொன்னபடியே எழுதிப்போட்டுவிட்டார். ஒரு மாதத்தில் டிரைவர் அண்ணனுக்கு மெமோ வந்தது. அரசு வாகனத்தை நடுவழியில் நிறுத்தி, அலுவலரை வேறு வாகனத்தில் செல்லவிடாமல் செய்து, மனுதாரரின் உதவியைப் பெற்றது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நான் சொல்றேன், நீங்க தட்டுங்கம்மா. ஒண்ணும் சேக்காதீங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

‘வலது பின் சக்கரத்தில் எண்ணெய் ஒழுகியதால் வண்டியை நிறுத்தினேன். காரணம் சீல் அல்ல, துவாரத்தை அடைத்த மண். மண்ணை எடுத்துவிட்டேன். பலகை மனுதாரருடையது. ஜாக்கி எதிர்மனுதாரருடையது. இரண்டையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு ஒழுகவில்லை.’

"மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடலாமாண்ணே?" என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

தாசில்தார் அதை அனுப்புவதற்கு முன் இரண்டு முறை படித்தார். கீழே, ‘நான் உடனிருந்தேன். இது சரி’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் மேலே இருந்து எதுவும் வரவில்லை.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் என்பதும், அங்கே பனிமலையில் ஒரு வண்டி பிரேக் இல்லாமல் உருண்டதை நேரில் பார்த்தவர் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அந்த வண்டியில் இருந்தவர் இவருக்கு யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது நான் அதே ஆபீசில் தலைமை எழுத்தர். வேறு ஆட்சி, வேறு தாசில்தார், வேறு ஜீப். ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு ஆபீஸ் வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். புது டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். டிரைவர் அண்ணன் முன்பக்கம் போய் நின்றார். முன் சீட்டு அதிகாரி சீட்டு என்று ஒருமாதிரி தயங்கிவிட்டு, பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்கால வெயில். புது டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரோ மடியில் மாலையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பைபாஸ் தாண்டியதும் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தக் குளத்துல எப்பலேருந்து தாமரை இருக்கு?"

"எப்பவும் இருக்குதேண்ணே. வருஷா வருஷம் பூக்கும்."

"அப்படியா?" என்றார். "இருபத்தாறு வருஷமா இந்த வழியா வர்றேன். ரோட்டைத்தான் பாத்திருக்கேன்."

அப்புறம் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. அந்தத் தென்னந்தோப்பு யாருடையது, அந்தச் சிவப்புக் கட்டடம் பள்ளிக்கூடமா, அங்கே வெள்ளையாக நிற்பது கொக்கா மடையானா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெளியூரிலிருந்து முதல்முறை வந்தவரைப் போல. "கொஞ்சம் மெதுவாப் போங்க தம்பி" என்று புது டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றார். வண்டி நின்றதும் பழக்கப்படி டிரைவர் சீட்டுப் பக்கம் போய்த் தட்டைத் தூக்கினார். உள்ளே யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தடுமாறி நின்றார்.

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் அவர். "நான் சவாரி வந்திருக்கேன்."